பன்னிரண்டு அடி ஓட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் பட்டாணி மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசு கொதித்துக் கிடக்கிறது. பட்டாணி போகும் மழலையர் பள்ளியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனில் நீ கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்று கையைக் கிள்ளினாள், அதனால் வாயைத் திறக்கவில்லை. காகிதத்தில் யாரும் கிள்ள முடியாது.

இரண்டு வாரத்துக்கு முன் விளையாட்டு விழா நடந்தது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், இரண்டு மாதமாகப் பயிற்சி கொடுத்தார்களாம். எங்கே தெரியுமா, வகுப்பறைக்குள். மைதானத்தில் விட்டால் சட்டை அழுக்காகும், விழுந்து வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். பெஞ்சை ஒதுக்கி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓட்டம், பிள்ளைக் காலுக்குப் பன்னிரண்டு அடி, முடிந்ததும் திரும்பி நின்று கைதட்ட வேண்டும். விழாவன்று மட்டும் மைதானத்தைத் திறந்தார்கள், விசில் ஊதியதும் இருபது பிள்ளைகளும் ஓடின. பன்னிரண்டு அடி ஓடி, சுவரே இல்லாத வெட்டவெளியில் வரிசையாக நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டின. முடிவுக் கயிறு எங்கேயோ தூரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தது. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. ஓடுகிற வயசில் நிற்கப் பழக்கியிருக்கிறார்கள், அதற்குக் கைதட்டல் வேறு.

இது போதாதென்று இரண்டாம் நாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பட்டாணிக்கு உடல் இயக்கத் திறன் போதவில்லையாம். இரண்டு காலும் சேர்த்துக் குதிக்கத் தெரியவில்லை, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள், அதனால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கட்டும், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார் என்று தாளை நீட்டினார். குதிக்கவே விடாம குதிக்கத் தெரியலைன்னா எப்படிம்மா என்று கேட்டேன். இதெல்லாம் படிச்சவங்க போட்ட பட்டியல் சார், உங்களுக்குப் புரியாது என்றார். நான் எந்தக் கல்லூரியில் படித்து லிஃப்ட் மெக்கானிக் ஆனேன்? கையெழுத்தும் கிடையாது ஒன்றும் கிடையாது, மாதக் கடைசியில் மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வாசல்வரை விளையாட்டு வாத்தியார் பின்னாலேயே வந்தார். கோவிச்சுக்காதீங்க சார், குதிக்கறதும் பந்து பிடிக்கறதும் எங்க தப்புதான், மைதானத்துச் சாவியைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு, ஆனா படி உங்க வீட்டுலதானே இருக்கு, அங்க ஏறுறாளா என்று கேட்டார். நாம் இருப்பது நான்காவது மாடி. அந்த லிஃப்ட் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுவது என் கையால் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். நீ பட்டாணியை எங்களிடம் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவள் வீட்டில் ஒரு படி மிதித்ததில்லை. லிஃப்டுக்குள்ளும் என் இடுப்பில்தான். அவர்கள் சுவருக்குள் அடைத்தார்கள், நான் பெட்டிக்குள் அடைத்தேன். அன்று என் முகத்தையே எனக்குப் பிடிக்கவில்லை.

லிஃப்ட் பொத்தானில் விளக்கு எரிகிறவரை அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்புவதில்லை, லிஃப்ட் வரும்வரை அழுகைதான். அதனால் பத்து நாளாக மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை லிஃப்ட் பழுது. போர்டு மாட்டியிருக்கிறேன். பழுது ஒன்றும் கிடையாது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கால் முடியாத இரண்டாம் மாடிக்காரரிடம் முன்பே கேட்டுக்கொண்டேன், அவர் அந்த நேரத்தில் வெளியே போவதில்லை. மற்றவர்கள் ஏறட்டும். என்ன மெக்கானிக் சார், உங்க லிஃப்டுக்கும் மூட்டுவலியா என்று தையல்காரம்மா மூச்சு இரைக்க இரைக்கக் கேட்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

முதல் நாள் ஒரு மாடிக்கு நான்கு தடவை உட்கார்ந்தாள். நேற்று போர்டைப் பார்த்து, பாவம் தாத்தா, இந்த லிஃப்டு, அதுக்கு ஏறத் தெரியல, நாம ஏறலாம் என்று என் விரலை உதறிவிட்டு முன்னால் போனாள். மூன்றாம் மாடிக்கு மேலே கடைசி ஐந்து படி, ஒரு படிக்கு ஒரு கால். மாதக் கடைசியில் தேறுவாளா, தெரியாது. தேறாவிட்டாலும் கையெழுத்து விழாது, முதலில் மைதானத்தைத் திறக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். இனிமேல் போனில் அவளைப் பாட்டுச் சொல்லு, எண் சொல்லு என்று கேட்காதே. இன்றைக்கு எத்தனை படி என்று கேள். லிஃப்ட் விஷயத்தை மறந்தும் உளறிவிடாதே.

நான்காவது மாடியிலிருந்து, மூச்சு வாங்கியபடி,
உன் அப்பா