நாகலூரில் பாதியில் நின்ற பிரசங்கம்

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் தயவில் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? தைலம் தேய்க்கிறீர்களா?

ஆண்டவருடைய ஊழியத்துக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்து என்னைப் பெற்றீர்கள். நானோ ஏற்காட்டில் காப்பி வியாபாரியாகிவிட்டேன். அந்தக் குறை எனக்கும் உண்டு. அதனால்தான், போன ஞாயிறு போதகர் வெளியூர் போனதால், நாகலூர் சபையில் பிரசங்கிக்க ஒப்புக்கொண்டேன்.

பாதியில் மழை பிடித்தது. எதிரே களத்தில், பக்கத்துத் தோட்டக்கார அருக்காணியம்மாவின் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் பாதி விலைக்கு வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது, உங்களிடம் மறைப்பானேன்? பிறகு வேதத்தை மூடிவிட்டு ஓடினேன். சபையே பின்னால் வந்து தார்ப்பாய் இழுத்து மூடியது.

“ஏனுங்க, பாதியில எந்திரிச்சு வந்தா உங்க சாமி கோவிச்சுக்காதுங்களா?” என்றார் அருக்காணியம்மா.

“அவருதாங்க அனுப்புனாரு” என்றேன்.

பேச்சுக்குத்தான் சொன்னேன். சொன்ன பிறகு, அதுதான் உண்மை என்று புரிந்தது, அம்மா. இத்தனை வருடமாக இருந்த குறை அங்கேயே போய்விட்டது.

வழுக்கியதில் முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது, பயப்படாதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிறு மதியம் போன் செய்யுங்கள். சபை கலைந்த பிறகு எனக்குப் பேச ஆளில்லை.

லாரி வந்துவிட்டது, மூட்டை ஏற்ற வேண்டும்.

நீங்கள் ஊழியத்துக்குக் கொடுத்த மகன்,
சாமுவேல்