கருவேல மரத்துக்கு நேரே

நவம்பர் 9, சனி
மூன்று சான்றிதழ்களில் பிறந்த தேதி தப்பு. கண்டுபிடித்தது நான்தான். "ஆனிமேரி பாத்தா மறுபடி பாக்க வேணாம்" என்றார் தலைமையாசிரியர். பெருமையாகத்தான் இருந்தது. நாளை தம்பி மெர்வினும் அவன் மனைவி டயானாவும் கோச்சடைக்கு, என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். வைகையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களாம்.

நவம்பர் 10
மெர்வினைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நவம்பர் 11
எழுதாமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்டதும் அக்கரைக்குப் போய் வருகிறேன் என்று தரைப்பாலத்தில் இறங்கினான். "முழங்கால் தண்ணிதான்க்கா, இந்தா வந்துர்றேன்." கரையில் நின்று கத்தினேன். அவனுக்குக் கால் வழுக்கியது. தலை இரண்டு தடவை தெரிந்தது, பிறகு இல்லை. பார்த்தது நான் ஒருத்திதான். கருவேல மரத்துக்கு நேரே மறைந்தான் என்று தீயணைப்புக்காரர்களிடம் அடித்துச் சொன்னேன். மரத்திலிருந்து தண்ணீர் போகிற கீழ்ப்பக்கமாகவே படகு விட்டுத் தேடுகிறார்கள்.
"மதினி, மரத்துக்கு மேலயும் பாக்கச் சொல்லுங்க" என்று டயானா அழுதாள்.
"நான் என் கண்ணால பாத்தேன்டி!" என்று அதட்டிவிட்டேன்.

நவம்பர் 12
கிடைத்துவிட்டான். மரத்துக்கு நாற்பது அடி மேல்பக்கமாக, ஆகாயத்தாமரைக்குள். தண்டுகளைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.
எம்புட்டு நேரம் பிடிச்சிருந்தான்? ஏசுவே, யார்கிட்ட கேப்பேன்?

நவம்பர் 14
தீயணைப்பு நிலையத்தின் பாண்டியராஜன் கையெழுத்து வாங்க வந்தார். "மனசப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா. ஓடுற தண்ணில மறைஞ்ச ஆளை எல்லாருமே கொஞ்சம் கீழ தள்ளித்தான் காட்டுவாங்க. தண்ணியோட கண்ணும் கீழ ஓடிரும்."
"ஒங்களுக்கு அது தெரியும்னா மேலயும் தேடியிருக்கலாம்லண்ணே?"
தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க அம்புட்டு உறுதியாச் சொன்னீங்கம்மா."

நவம்பர் 15
டயானா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்தால் என்ன?

டிசம்பர் 10
முப்பதாம் நாள் பூசை. நாளை டயானா உசிலம்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்கே போகிறாள். ஆற்றில் போடப் பூமாலையோடு என்னை அழைத்துப் போனாள். தண்ணீர் வடிந்துவிட்டது.
"அன்னைக்கு நின்ன எடத்துல நின்னு காட்டுங்க மதினி."
நின்றேன். எங்கே எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் அவன் தலை மறைகிற இடம் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. கை மரத்துக்கு நேரேதான் போனது.
"சத்தியமா அங்கதான் பாத்தேன் டயானா."
"சரி மதினி" என்றாள். என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு கரையோரமாக மேல்பக்கம் நடந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.