ஏழாம் வீட்டுச் சன்னல்

கணினித் திரையின் மூலையில் ஒரு சின்ன மின்னஞ்சல் உறை வந்து நிற்கிறது. காலை ஜெபம் முடித்து வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்; இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. உறையின் மேல் உன் மகளின் பெயர். நான் கட்டிய இணையத்தளத்தைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதியிருக்கிறாள்.

சிரிக்காதே. இந்த வயதில் இணையத்தளம்தான் கட்டுகிறேன். என் கணவர் போன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் மாடி வீடுகள். யார் யார் எங்கே இருந்தோம் என்று ஒரு வரைபடம் போட்டு வைக்க நினைத்தேன். படத்தில் ஒரு வீட்டைத் தொட்டால் அந்த வீட்டுக்காரர்களைப் பற்றிய பக்கம் திறக்கும். ஒவ்வொரு வரியையும் நானே தட்டினேன். ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டாலும் பக்கம் முழுக்கச் சரிந்துவிடுகிறது. கான்வென்ட்டில் தையல் கோணினால் முழுவதையும் பிரிக்கச் சொல்லும் சிஸ்டரை நினைத்துக்கொண்டு பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

வகுப்பெடுக்கும் மலாய்ப் பெண், "அழகா இருக்கான்னு யாரையும் கேக்காதீங்க டீச்சர். அவங்கவங்க வீட்டைத் தேடச் சொல்லிட்டுச் சும்மா இருங்க" என்று மலாயில் சொன்னாள். சும்மா இருப்பதுதான் கடினம். தோட்டத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் முகவரியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "சூப்பர் டீச்சர்" என்று பூக்களாக வந்தன. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒருவர் மட்டும், "எழுத்தப் பெருசா போடுங்கக்கா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குலா" என்றார். அவருக்கு மட்டும்தான் நன்றி எழுதினேன். காலமெல்லாம் பிள்ளைகளின் ஏடுகளைச் சிவப்பு மையில் திருத்தியவள் நான். பூவை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

நீ உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பாய்.

ஒரே தோட்டத்து லாரியில் கான்வென்ட்டுக்குப் போனவர்கள் நாம். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள். அப்பாவுக்கு ஆபீசில் நாற்காலி, மேட்டில் தனி வீடு. நீ தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் ஏழாவது வீடு. உன் அப்பா பால்மரம் வெட்டிப் பாலெடுத்தார். ஒரு முறை 'என் தோழி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் உன் வீட்டைப் பற்றி எழுதினேன். சின்ன வீடு, சன்னலில் நீலத் திரை, சன்னலோரம் நீ படிக்கும் மேசை. சிஸ்டர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். திரும்பி வரும்போது லாரியில் உன்னிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். பாராட்டைத்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, கிராணி மவளே. ஆனா எங்க வீட்ல சன்னலே இல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு எதை எழுதினாலும் உன்னிடம் காட்டாமல் அனுப்பியதில்லை. பள்ளி விழா உரை, பேராயருக்கு எழுதிய புகார்க் கடிதம், என் கணவரின் மரண அறிவிப்புகூட. புந்தோங்கில் உன் சமையலறையில், மருத்துவமனைத் தாதிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து படிப்பாய். "அழகா இருக்கு. நெசமா?" அவ்வளவுதான் கேட்பாய். நான் பாதியை அடித்துவிடுவேன்.

இப்போது உறையைத் திறந்துவிட்டேன்.

"ஆண்ட்டி, வரைபடத்தில் அம்மா வீட்டை உடனே கண்டுபிடித்தேன். உங்கள் வீட்டைத் தொட்டால் வராந்தா, ரோஜாச் செடி, பியானோ எல்லாம் வருகிறது. அம்மா வீட்டைத் தொட்டால் 'மூன்றாம் லயம், ஏழாவது வீடு' என்று மட்டும் வருகிறது. அம்மா அந்த வீட்டைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. உள்ளே எப்படி இருந்தது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களைவிட நெருங்கியவர் யார்?"

குற்றம் சொல்லவில்லை உன் மகள். அதுதான் தாங்கவில்லை. மற்ற லயத்து வீடுகளையும் தொட்டுப் பார்த்தேன். எண்கள், பெயர்கள், அவ்வளவுதான். ஒரு பக்கத்திலும் ஓர் அடுப்பில்லை, ஒரு பாயில்லை.

நான் உள்ளே போனதே இல்லை. உனக்குத் தெரியும். கிராணி வீட்டுப் பிள்ளைகள் லயத்துக்குப் போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒரே ஒரு நாள், நல்ல மழை, உன் வாசல் வரை வந்துவிட்டேன். "உள்ள வா புள்ள, நனையிற" என்றாய். அப்பா தேடுவார் என்றேன். குவளையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாய். தாகமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, நீயே குடித்தாய். நீயோ தினமும் எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தாய். அது ஏன் பின்வாசல் என்று நானும் கேட்கவில்லை.

விரல்கள் தாமாகத் தட்டின: 'சுவரில் சாமி படம், மூலையில் மண்ணெண்ணெய் விளக்கு, அதன் வெளிச்சத்தில் ஒரு சிறுமி...' எல்லா வீட்டிலும் இருந்திருக்கும்தானே. உன் மகள் மகிழ்ந்துபோவாள். அழகாகவும் இருந்தது.

நெசமா?

அழித்தேன். ஏழாம் வீட்டுப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'இந்த வீட்டின் வாசல் வரை வந்திருக்கிறேன். உள்ளே அழைத்தார்கள், நான் போகவில்லை. இங்கே வாழ்ந்தவர்கள் எழுதித் தாருங்கள்.' தோட்டத்து ஆட்கள் எல்லாரும் படிப்பார்கள். அவர்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். ஆனால் இதுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. பொத்தானை அழுத்தினேன். உன் மகளுக்கும் அதையே எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மதியம் சித்தியவானிலிருந்து உன் தம்பி எழுதினான்.

"அக்கா, உள்ள ஒரே ரூம்புதான். பின்னால அடுப்பு. சன்னல் மொதல்ல இல்ல. எங்கக்கா ஒரு நாளு கான்வென்ட்ல இருந்து வந்து, சன்னல் வேணும்னு அப்படி அழுதுச்சி. சாப்பிடவே இல்ல. அப்பா பாத்தாரு, பலகைச் சுவர அறுத்து ஒரு சன்னல் போட்டுட்டாரு. மறுநா காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும், வேல வாங்குற மண்டோர் அப்பாவ ஏசினான், தோட்டத்துச் சுவர வெட்டிட்டியேன்னு. ஆனா நல்ல காத்துலா."

லாரியில் சிரித்தவள் வீட்டில் அழுதாய் என்று எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் என் எழுத்தைத் திருத்தினாயே, ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. நான் எழுதிய பொய்யை உன் அப்பா பலகை அறுத்து மெய்யாக்கினார். அதற்கு அவர் ஏச்சு வாங்கினார். அதே கட்டுரைக்கு நான் 'மிக நன்று' வாங்கினேன்.

உன் தம்பி எழுதியதை ஒரு சொல்லும் திருத்தாமல் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்கியும் விட்டேன். சன்னல் எந்தப் பக்கச் சுவரில் இருந்தது என்று அவனைக் கேட்டிருக்கிறேன். வரைபடத்தில் போட வேண்டும். திரை ஏதும் இருந்ததா என்று கேட்கவில்லை. நீலம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கேட்காமல் விட்டாலோ, உன் குரல் விடாது. நெசமா, நெசமா என்று அது என்னோடுதான் இருக்கிறது.

உன் மகளின் உறை வருமா என்று கணினித் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.