உன்னைப் பற்றி மட்டும் எழுது

3 மார்ச்

என் தும்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதே இல்லை, அதனால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். வார்டில் நர்ஸ் குறிப்புகளை அவசர அவசரமாக எழுதியே என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்.

நீ சாவியைத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு அட்டை வந்தது. ‘நன்றாக இருக்கிறேன், வேலை கிடைத்தது’, கீழே ஒரு முகவரி. உன் அத்தான் தினமும் உன் நாற்காலியைத் துடைத்து வைக்கிறார். கேட்டால் தூசி என்கிறார். நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி மையத்து டாக்டர் கூப்பிட்டார். ஏப்ரல் இருபதாம் தேதி உனக்கு இரண்டாம் கட்டப் பயிற்சி ஆரம்பம், மூன்று மாதம். உனக்கு ஆட்டிசம் என்று அவர் எழுதிக் கொடுத்த நாளில் நான் இடிந்து போனேன். ஆனால் முதல் கட்டத்திலேயே எவ்வளவு முன்னேறிவிட்டாய்! கண்ணைப் பார்த்துப் பேசுவது நான்கு நொடியிலிருந்து ஒன்பது நொடிக்கு வந்தது. இப்போது விட்டால் எல்லாம் வீண் என்கிறார். லீவு சொல்லிவிட்டேன். வந்துவிடு, கண்ணு.

உன் அக்கா


12 மார்ச்

அக்கா,

கடிதம் எனக்கு வசதியாக இருக்கிறது. போனில் உன் கேள்விக்கு நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் நீ மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவாய். கடிதம் மேஜையில் பேசாமல் காத்திருக்கிறது.

தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். ஓடவிட்டுக் கேட்டால் எங்கே கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலாளியம்மாவுக்கு அது பெரிய அதிசயம். நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம். நால்வரும் ஆட்டிசம் உள்ளவர்கள்தான், ஆனால் இரண்டு பேர் ஒரே மாதிரி இல்லை. புதன்கிழமை ஆலோசகர் ஒரு அம்மா வருவார். வந்ததும், “இன்னைக்குப் பேசலாமா, சும்மா இருக்கலாமா?” என்று கேட்பார். பாதி புதன்கிழமைகள் சும்மா இருந்தே போகின்றன. அப்படிப் போகிற நாட்களுக்குப் பிறகுதான் நான் நிறைய பேசுகிறேன்.

என்ன குறை வைத்தாய் என்று கேட்டிருக்கிறாய். கிளம்புவதற்கு முந்தின நாள் கத்தரிக்கோல் தேடி உன் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். உன் நோட்டு இருந்தது. வார்டில் செய்வது போலவே கட்டம் போட்டு, நேரம் போட்டு எழுதியிருந்தாய். ‘காலை 7.10, கைகளை உதறினாள். 7.25, மறுபடியும்.’ இப்படிப் பதினோரு மாதம்.

சின்ன வயதில் நான் கையை உதறுவதைப் பார்த்துத்தான் தும்பி என்று பெயர் வைத்தாய். அதையே பிறகு எண்ண ஆரம்பித்துவிட்டாய்.

அக்கா, 7.10 என்பது நைட் டியூட்டி முடிந்து நீ கேட்டைத் திறக்கும் நேரம். 7.25 நீ குளித்துவிட்டு வெளியே வரும் நேரம். நீ வந்துவிட்டாய் என்ற சந்தோஷத்தில் உதறினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன் நோட்டில் காரணத்துக்குக் கட்டமே இல்லை.

ஏப்ரல் இருபதுக்கு வரமாட்டேன். அந்த ஒன்பது நொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் இடது பக்கத் திருகு தளர்ந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தும்பி


19 மார்ச்

தும்பி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் நின்றபடி படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்காக ஓடாய்த் தேய்ந்தேன், இவள் என்னையே கூண்டில் ஏற்றுகிறாளே என்று. பிறகு அந்த 7.10 வரிக்குத் திரும்பி வந்தேன். வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். நான் வந்ததற்காக நீ சந்தோஷப்பட்டிருக்கிறாய். நான் அதை நோய் என்று எழுதி வைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என் பயத்தையும் கேள். அம்மா போகும்போது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. “அவளை விட்டுடாதே” என்று மட்டும் சொன்னாள். விடாமல் இருப்பது என்றால் எனக்கு வார்டு வழிதான் தெரியும். எண்ண வேண்டும், எழுத வேண்டும், எது கூடுகிறது, எது குறைகிறது என்று கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். எனக்குப் பிறகு உனக்கு யார் என்று நினைத்தே பல ராத்திரி தூங்கியதில்லை. இப்போதும் அப்படித்தான்.

அங்கே உனக்கு முடியாமல் போனால் யார் என்ன செய்கிறார்கள்? அதை எழுது. நான் போட்ட லீவு அப்படியே இருக்கிறது. உன்னை அழைத்துப் போக இல்லை, பார்க்க வரட்டுமா? வேண்டாம் என்றால் சொல், தாங்கிக்கொள்வேன்.

அக்கா


28 மார்ச்

அக்கா,

சென்ற வாரம் எனக்கு முடியாமல் போனது. ஒரு வாடிக்கையாளர் சொன்ன நாளில் மெஷின் தயாராகவில்லை என்று மேஜையைத் தட்டிக் கத்தினார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் துளை போடும் இயந்திரமும் ஓடியது. நான் வேலை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வரவில்லை.

மையத்தில் இப்படி ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழு, என்னைப் பார், எண்ணிச் சொல் என்பார்கள். இங்கே முதலாளியம்மா அவரை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். ரேடியோவை அணைத்தார். தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் நான்தான், “அதுல பெல்ட்டு தேஞ்சு போச்சு” என்றேன். “சரி, மாத்து” என்றார். மாற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

நீ வரலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்களும் வருபவர்களும் ஆளுக்கொரு தாள் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்ட வேண்டும். எதைத் தாங்க முடியாது, எது இருந்தால் நிம்மதி. அதைப் படித்துவிட்டுத்தான் பழகுவோம். இத்துடன் வெறும் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி மட்டும் எழுது. என்னைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டாய்.

(கடைசி வரி கிண்டல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.)

தும்பி


9 ஏப்ரல்

தும்பி,

உன் தாள் என்னைப் பத்து நாள் பாடாய்ப் படுத்திவிட்டது. முதல் தடவை மளமளவென்று எழுதி அத்தானிடம் காட்டினேன். ‘திடீரென்று தொடக் கூடாது. குக்கர் சத்தம் ஆகாது.’ அவர் படித்துவிட்டு, “இது உன் தாளா, அவ தாளா?” என்று கேட்டார். பார்த்தால் எல்லாமே நீதான்.

இரண்டாம் தடவை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அம்மா போன இந்த இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

நேற்று மையத்துக்குப் போய் உன் பெயரை எடுத்துவிட்டேன். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அவளைக் கேட்காமல் நான்தான் சேர்த்தேன், அவள் வேண்டாம் என்கிறாள் என்றேன். வருத்தப்படுவீர்கள் என்றார். படலாம். பயம் ஒரே நாளில் விட்டுப் போகாது. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

இருபதாம் தேதி காலை ரயிலில் வரட்டுமா?

அக்கா


14 ஏப்ரல்

அக்கா,

உன் தாளைக் கதவில் என் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். எல்லோரும் படித்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. ‘தூங்கி எழுந்த உடனே என்னிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது’ என்பது நால்வருக்கும் பிடித்திருக்கிறது. ‘நீ தைரியசாலி என்று சொன்னால் எரிச்சல் வரும்’ என்று எழுதியிருக்கிறாய். நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறாய். நன்றாக அழுத்தித்தான் அடித்திருக்கிறாய். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. ‘என்னையும் யாராவது கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டால் தேவலை.’

வேறு யாருக்கும் காட்டவில்லை.

இருபதாம் தேதி ஸ்டேஷனுக்கு வருவேன். சத்தமாக இருக்கும், காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். கட்டிப்பிடிக்க எனக்கு வராது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அக்கா. வந்தால் போதும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தும்பி