முன்வரிசையில் ரோசியை உட்கார வைத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஒரு சிறுமியின் சிலேட்டில் பழுப்பாய் ஒரு கைத்தடம். ஆவாரம்பட்டைக் கறை, துடைத்தும் போகவில்லை. விடியுமுன்பே தோல் பதனிடும் ஷாப்பில் பட்டை இடித்துவிட்டு வந்தவள், பாடத்தின் நடுவில் தூங்கிப்போயிருந்தாள். "அடிக்கறதுக்கு முன்னாடி அது கையப் பாரு" என்பீர்கள் என்னிடம். பார்த்தேன். எழுப்ப மனம் வரவில்லை.

ஆம்பூரில் நம் பள்ளிக்கு ஒரே கூடம். அதில் மூன்று வகுப்பு உங்களுக்கு, மீதி எனக்கு. ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்து, அடுத்ததற்குப் பாடம் சொல்வதற்குள் மூன்றாவது சந்தைக்கடை ஆகிவிடும். படிப்பு மெதுவாக ஏறும் பிள்ளைகளுக்கென்று மிஞ்சியது உங்கள் சாப்பாட்டு வேளைதான். அதையும் கொடுத்தீர்கள். இன்னொரு டீச்சர் வேண்டும் என்று கேட்டால், "கிராண்ட் வரட்டும்மா, பாக்கலாம்" என்பார் பள்ளி மேனேஜர் ஐயா.

அந்த சர்க்கார் பணம் வர, பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் மனம் குளிர வேண்டும். அதற்கென்று நமக்கொரு வழக்கம் இருந்ததே! அவர் வரும் வாரம், படிக்கத் திணறும் பிள்ளைகளை உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிடுவது. அவர் போன பிறகு அவர்களில் பலர் திரும்புவதே இல்லை. அப்படி நின்றுபோன ரோசியைத் தேடி ஷாப்புக்கே போனோம். "நீங்கதான வராதன்னீங்க டீச்சரம்மா? இன்னாத்துக்கு இப்ப கூப்டறீங்க?" என்றாள் அவள் அம்மா. கெஞ்சித்தான் அழைத்து வந்தீர்கள்.

மறுவருஷம் ஒருத்தரையும் நிறுத்தவில்லை. ரோசியையும் அவள் கூட்டாளிகளையும் முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். இன்ஸ்பெக்டர் அவளையே எழுப்பினார். வேர்த்துக் கொட்ட, எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்தாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். கிராண்ட் குறைந்தது.

"எதுக்கும்மா இந்த மக்குங்கள முன்னால ஒக்கார வெச்சீங்க?" என்று மேனேஜர் குதித்தார்.

"போன வருசம் அவளுக்கு அந்த ஒரு வரியும் தெரியாதுங்க ஐயா. அத யாரு பாத்தாங்க?"

அந்தக் கேள்விக்குத் தண்டனையாக நான்காவது வகுப்பும் உங்கள் தலையில் விழுந்தது. இருமலோடு நின்றீர்கள், கேட்ட லீவு கிடைக்கவில்லை. அந்த இருமலே உங்களைக் கொண்டுபோனது. உங்கள் அடக்க ஆராதனையில் மட்டும் மேனேஜர் உங்களைத் தியாகி என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் கேட்டது கூட வேலை பார்க்க ஒரு ஆள், அக்கா. பட்டம் இல்லை.

உங்கள் வகுப்புகளும் இப்போது என்னிடம்தான். புது ஆள் போடவில்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். வழக்கப்படி செய்துவிடச் சொல்லி மேனேஜர் ஆளனுப்பினார். "எல்லாப் புள்ளைங்களும் வரும்னு போய்ச் சொல்லுப்பா" என்றேன்.

நீங்கள் சமாதானமாய் இளைப்பாறுவதாக எல்லாரும் சொல்கிறார்கள். இளைப்பாறுங்கள். உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை. நீங்கள் யாருக்கும் காட்டாமல் விழுங்கிய கோபம்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் விழுங்கமாட்டேன்.