நாளை ரெனிதாவுக்கு ஸ்கேன் வேண்டாம்

அம்பத்தூர்
மே 2021

ரெனிதாவின் அம்மாவுக்கு,

பேசத் தொடங்கினால் இருமல் வருகிறது. அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டாதே.

எனக்குத் தொற்று என்று தெரிந்ததும் நீ குழந்தையோடு முகப்பேரில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனது சரிதான். ஆனால் வீட்டுக்குள் விடுவதற்கு முன்பே உன் அண்ணன் அவளுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தார். ஏழு வயதுப் பெண்; காய்ச்சல்கூட இல்லை. நேற்று இரண்டு முறை தும்மினாளாம். நாளைக் காலை மறுபடியும் ஸ்கேனாம். போனில் அவரிடமே கேட்டேன்.

"இன்னா மச்சான், சும்மா போட்டோ புடிக்கிற மாரிதான். நுரையீரல்ல எவ்ளோ பரவிகீதுன்னு அரை மணியில ஸ்கோர் தெரிஞ்சிடும். படிச்ச நீயே இப்டி பயந்துகினு கீறியே!"

நம் கல்யாணத்திலிருந்தே என் படிப்பு அவருக்குச் சிரிப்புதான்.

அது போட்டோ இல்லை. சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர் அவளுடைய சின்ன மார்புக்குள் போகிறது. வளரும் உடம்பில் அதன் கெடுதல் என்றைக்கு வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கில் சளி எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கட்டும். முடிவு வரும்வரை அவளைத் தனி அறையில் வைத்துக்கொள். ஒருமுறையாவது உன் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று. எனக்கு ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கிவிட்டது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். எங்கே கேட்டாலும் இடமில்லை. குழந்தைக்குப் பதிந்த நேரத்தை எனக்கு மாற்றித் தரச் சொல்லி உன் அண்ணனிடம் கேள். தனியாக மாடிப்படி இறங்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு அவரே வந்தால் நல்லது.

அவளுடைய அப்பா