இரண்டு கத்திக்கு ஒரு விதி

பெருமாட்டி
4 ஜனவரி 2025

அன்புத் தோழி முருகேஸ்வரிக்கு,

பிரியா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். குமுளிக் குளிரில் நீயும் தும்மாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் பகடை ஆட்டத்தில் என் வீராங்கனை வஞ்சி இன்னும் குகைக்குள்தான் கிடக்கிறாள். வாசலை மறித்து நிற்கும் கல்பூதத்தை வெட்டப் பகடை உருட்டினேன். இருபது முகம் உள்ள பகடையில் எனக்கு விழுந்தது நான்கு. உன் விதியும் சேர்ந்து படுத்துகிறது. வஞ்சியின் இரண்டாவது கத்தி வெட்டுவதற்கா தடுப்பதற்கா என்று உருட்டும் முன்பே சொல்ல வேண்டுமாம். ஹாஸ்டல் ரூமில் நீ போட்ட விதி, கதை சொல்கிறவளும் நீ, சரி. ஆனாலும் இரண்டு கத்தி பிடித்தவளுக்கு ஒரு சலுகையும் கிடையாதா?

உன் போன கடிதத்தை அத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பொம்பளைக்கு எதுக்கு கண்ணு ரெண்டு கத்தி? தேங்கா உடைக்க ஒரு அருவா போதாதா?" என்றார். போனில் பேசினால் யாரு, என்ன என்று வீடே கேட்கும். கடிதமென்றால் ஏதோ விளையாட்டு என்று விட்டுவிடுகிறார்கள்.

மாமாவுக்கு வலது பக்கம் இன்னும் அசையவில்லை.

உன்,
பிரியா


குமுளி
13 ஜனவரி 2025

அடி புலம்பல்ராணி,

எழுதிக்கொள், புது விதி. இரண்டு கத்தி பிடித்தவள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உருட்டலாம். பெரிய எண் எதுவோ அதுதான் கணக்கு. எட்டு வந்தாலே பூதம் சரிந்துவிடும். ஒரே கடிதத்தில் நான்கு சுற்று ஆடிக்கொள். பக்கத்தில் பார்க்க நான் இல்லை என்று ஏமாற்றாதே.

இன்னொரு விஷயம். எங்கள் ரிசார்ட்டில் ஃப்ரன்ட் ஆபீஸில் ஓர் இடம் காலியாகிறது. மேனேஜர் புஷ்பமேரி மேடத்திடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் வேண்டுமாம். என் குவார்ட்டர்ஸில் இன்னொரு கட்டில் போடலாம், மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய் வரலாம். மாமனாரை மூன்று மாதம் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன் என்றுதான் கோயம்புத்தூர் வேலையை விட்டாய். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, ஞாபகம் இருக்கட்டும்.

முருகி


பெருமாட்டி
27 ஜனவரி 2025

என் முருகிக்கு,

நான்கு சுற்றும் போச்சு. விழுந்ததிலேயே பெரியது ஆறு. என் ராசி அப்படி.

வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்ததும் மனசு பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி ஓடி மலையேறிவிட்டது. ஆனால் மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். அத்தைக்கு முட்டுவலி. இவருக்குத் தோப்பு வேலை. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டுவதில்லை, முருகி. திட்டினால் சண்டை போட்டுக்கொண்டாவது கிளம்பலாம். வருகிறவர்களிடம் எல்லாம், "பிரியா இல்லாட்டி இந்த ஊடு என்னத்துக்கு ஆகும்" என்கிறார்கள். கேட்டதும் நான் அவர்களுக்குக் காபி போட எழுந்துவிடுகிறேன்.

கொஞ்சம் பொறு. இன்னும் நாலு சுற்று ஆடிப் பார்க்கிறேன்.

பிரியா


குமுளி
10 பிப்ரவரி 2025

பிரியா,

எட்டு தடவை உருட்டி ஒன்றுகூட எட்டைத் தொடவில்லையா? யாரிடம் கதை விடுகிறாய்? ஜெயிக்கப் பகடையில் ஏமாற்றுகிறவர்களை நம் ரூமிலேயே பார்த்திருக்கிறேன். தோற்பதற்கு ஏமாற்றுகிறவள் நீ ஒருத்திதான். வஞ்சி வெளியே வந்தால் ஆட்டம் முடியும், கடிதம் நின்றுவிடும் என்றுதானே?

முதலில் கோபம் வந்தது. அப்புறம் ரிசப்ஷன் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். உன்னை எப்படியாவது வெளியே இழுக்கலாம் என்று விதியை வளைத்தேன். நீ உள்ளேயே உட்கார்ந்துகொண்டால் நான் என்ன விதி எழுதி என்ன? சலுகை ரத்து. உருட்டும் முன்பே சொல்கிற பழைய விதிதான் இனி.

மேடம் மாதக் கடைசி வரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பார். வருவதும் வராததும் உன் இஷ்டம். எனக்குப் பொய் எண் மட்டும் எழுதாதே.

முருகேஸ்வரி


பெருமாட்டி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள முருகி,

நீ சொன்னது சரிதான், போன மாதம் முதல் சுற்றிலேயே பதினேழு விழுந்தது. பார்த்ததும் பயந்துபோய்ப் பகடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உனக்கு எழுதுகிற நேரம் மட்டும்தான் இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

நேற்று இவரிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். அப்போது மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "போறதுன்னாப் போ பிரியா, நான் ஒண்ணும் தடுக்கல. அப்பன யாரு பாக்கறதுன்னு மட்டும் சொல்லீட்டுப் போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை கிளம்ப நினைக்கும்போதும் இதே கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"நீங்க பாருங்க. உங்கப்பாருதானுங்களே" என்றேன்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமாவுக்கு எல்லாம் புரியும். இடது கையால் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு உருவிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் இவர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை பொள்ளாச்சி பஸ் ஏறுகிறேன்.

உன்,
பிரியா